கையடக்க ஜிபிஎஸ்ஸுக்குக் காசு மேப்பா, இலவச மேப்பா? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கீரிப்பாறை தாண்டிக் காளிகேசம் நோக்கிப் போகும்போது செல்போனில் சிக்னல் கோடு கோடாக இறங்கி, கடைசியில் ஒன்றுமில்லாமல் நிற்கும். அந்த இடத்தில் பையிலிருந்து ஜிபிஎஸ் கருவியை எடுத்தால் கூட வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இதுல உள்ள மேப்பு காசு குடுத்து வாங்குனதா, சும்மா கிடைச்சதா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்தில் மலைக்கும் ஊருக்கும் இலவச மேப் போதும். சில இடங்களில் காசு மேப்பைவிட அதுதான் நன்றாகவும் இருக்கிறது. கடலுக்குப் போகிறவர் மட்டும் காசு கொடுத்தே ஆகவேண்டும். பதில் இவ்வளவு சின்னது. ஆனால் எந்தக் கருவிக்கு எந்தக் கோப்பு, அதை எப்படி ஏற்றுவது, ஏற்றியதை எப்படிச் சோதிப்பது என்பதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நான் பழகியது கார்மின் கம்பெனிக் கருவிகளில். அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

1. எங்கே போவீர்கள் என்று எழுதுங்கள்

கருவியையும் மேப்பையும் மறந்துவிட்டு, கடந்த ஒரு வருடத்தில் போன இடங்களையும் அடுத்த வருடம் போக நினைக்கும் இடங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். மருந்துவாழ்மலை, சிதறால், உலக்கை அருவி, பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு என்று வந்தால் உங்களுக்கு வேண்டியது பாதைகளும் உயரக்கோடுகளும் (ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகள்) உள்ள மேப். களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை பைக்கில் சுற்றுகிறவர் என்றால் வழி சொல்லும் சாலை மேப். முட்டத்திலோ சின்னமுட்டத்திலோ படகேறுகிறவருக்கு ஆழம் காட்டும் கடல் மேப். மூன்றையும் ஒரே மேப் செய்யும் என்று யாராவது விற்க வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

2. உங்கள் கருவி மேப் ஏற்குமா?

இதைப் பார்க்காமல் மேப் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். ஈட்ரெக்ஸ் 10, 2023-இல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்இ போன்ற கருவிகளில் வெளியிலிருந்து விரிவான மேப் ஏற்ற முடியாது. நடந்த தடத்தையும் குறித்த புள்ளியையும் காட்டும், அவ்வளவுதான். ஈட்ரெக்ஸ் 20, 30, அவற்றுக்குப் பின் வந்த 20எக்ஸ், 30எக்ஸ், 22எக்ஸ், 32எக்ஸ், அப்புறம் ஜிபிஎஸ்மேப் 64, 65, 66, 67 வரிசைகள் எல்லாம் மேப் ஏற்கும். பின்பக்க மூடியைக் கழற்றினால் மைக்ரோ எஸ்டி கார்டு போடும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது.

புதுக் கருவி வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. பெயரின் கடைசியில் 'ஐ' என்ற எழுத்து வரும் சில மாடல்கள், உதாரணமாக ஜிபிஎஸ்மேப் 66ஐ, 67ஐ, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் இன்ரீச் வசதி கொண்டவை. இந்தியாவில் இரிடியம் போன்ற செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளை உரிய அனுமதியில்லாமல் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் அன்போடு வாங்கி வந்து விமான நிலையத்தில் சிக்கிக்கொள்ளக் கூடாது. வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகள் நம் மாவட்டத்தில் நிறைய. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். இருக்கும் இடத்தை மட்டும் காட்டும் சாதாரண மாடலே வாங்குங்கள்.

3. ஏற்கெனவே உள்ளே என்ன இருக்கிறது?

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. புதிய கருவிகளோடு கார்மின் கொடுக்கும் டோபோஆக்டிவ் என்ற மேப்பின் அடிப்படைத் தரவு ஓபன்ஸ்ட்ரீட்மேப். 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் வரையலாம், திருத்தலாம் என்ற அதே பொது மேப். ஆக, கருவியோடு சேர்த்துக் காசு கொடுத்து வாங்கியதாக நினைக்கும் மேப்பும், இலவசமாக இறக்கிக்கொள்ளும் மேப்பும் பல நேரம் ஒரே கிணற்றுத் தண்ணீர்தான். வித்தியாசம் எந்த மாதம் இறைத்தது, எந்தப் பானையில் ஊற்றியது என்பதில் இருக்கிறது. வண்ணம், எழுத்தின் அளவு, எந்தத் தூரத்தில் எது தெரியவேண்டும் என்ற ஒழுங்கு, இவற்றையெல்லாம் கம்பெனி பார்த்துப் பார்த்துச் செய்திருக்கும்.

எனவே காசு செலவழிக்கும் முன் கருவியைக் கணினியில் மாட்டி, கார்மின் எக்ஸ்பிரஸ் மென்பொருளில் மேப் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இறக்குங்கள். சிலருக்கு இந்த வழிகாட்டியே இதோடு முடிந்துவிடும்.

4. காசு மேப்பில் காசு எதற்கு?

சாலை மேப்பாக இருந்தால் முகவரி தேடல், வழி சொல்லுதல், ஒருவழிப் பாதை, திரும்பக் கூடாத இடம், இவைதான் சரக்கு. பெருநகரங்களில் அது உழைக்கும். நம் ஊரில் முகவரி என்பதே "பிள்ளையார் கோயிலத் தாண்டி, சானல் கரையோட போனா மூணாவது வீடு" என்கிற வகை. கதவு எண் வைத்துத் தேடும் வசதிக்கு இங்கே வேலை குறைவு.

வாங்கினால் எப்படி வாங்குகிறீர்கள் என்பது முக்கியம். இணையத்திலிருந்து இறக்கும் காசு மேப் பொதுவாக ஒரே ஒரு கருவியின் எண்ணோடு பூட்டப்பட்டு வரும். கருவி பழுதானாலோ தொலைந்தாலோ மேப்பும் சிக்கலாகும். கார்டில் எழுதி வரும் மேப் அப்படியில்லை. கார்டைக் கழற்றி வேறொரு பொருத்தமான கருவியில் போடலாம். ஆனால் அந்தச் சின்ன நகக்கண் அளவு கார்டு தொலைந்தால் காசும் போச்சு. வேண்டிய பகுதி உள்ளே வருகிறதா என்பதைப் பெயரை வைத்து நம்பாமல், விற்பவர் காட்டும் எல்லைப் படத்தில் பாருங்கள். ஒரு நாட்டின் பெயரில் விற்கும் மேப்பில் அந்த நாட்டின் காட்டுப் பாதைகள் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

சில வருடங்களுக்கு முன் நானும் ஒரு சாலை மேப்பைக் காசு கொடுத்து வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது என்னை அழகியபாண்டியபுரம் பக்கமிருந்து ரப்பர் தோட்டத்துக்குள் அழைத்துப் போய், பூட்டிய இரும்புக் கேட் முன்னால் நிறுத்தியது. மேப்பில் அது பொதுச் சாலை. கேட்டில் இருந்த அண்ணாச்சி, "போன வாரமும் ஒருத்தர் இப்படித்தான் வந்தாரு" என்றார். மேப் பார்த்து வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதும் அவர் வேலையில் சேர்ந்துவிட்டது போலும். அந்தத் தவறைக் கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். அடுத்த வெளியீட்டிலும் அது அப்படியே இருந்தது. இலவச மேப்பிலும் அதே சாலை கேட் இல்லாமல்தான் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். ஆனால் அங்கே கேட்டை நானே வரைந்தேன். பத்து நிமிட வேலை.

காசு மேப்பின் பூட்டை உடைத்த திருட்டுக் கோப்புகள் பென்டிரைவில் ஊர் சுற்றுகின்றன. அவை பெரும்பாலும் பல வருடப் பழசு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பழைய மேப்பை நம்பி மலையேறுவது புத்தியில்லை.

5. இலவச மேப் எங்கே கிடைக்கும்?

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை அப்படியே கருவிக்குள் போட முடியாது. கார்மின் படிக்கும் ஐஎம்ஜி வடிவத்துக்கு மாற்றவேண்டும். எம்கே-ஜிமேப் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்கிறது. நீங்களே செய்ய விரும்பினால் ஜியோஃபாப்ரிக் தளத்தில் இந்தியாவின் தென்மண்டலத் தரவை இறக்கி, அந்த மென்பொருளில் கொடுக்கலாம். கட்டளை வரி பழக்கமில்லாதவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம். மாற்றிக் கொடுக்கவே ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் அதிகம் பயன்படுத்துவது பிபிபைக் என்ற தளம். அதில் வேண்டிய பகுதியை ஒரு செவ்வகமாக வரைந்து, கார்மின் வடிவம் ஒன்றைத் தேர்ந்து, மின்னஞ்சல் முகவரி கொடுத்தால் கோப்பின் இணைப்பு வந்துவிடும். செவ்வகத்துக்கு என் கணக்கு இது: மேற்கே 76.9, கிழக்கே 77.8, தெற்கே 7.9, வடக்கே 8.8. மாவட்ட எல்லையோடு நிறுத்தாமல் கொஞ்சம் தாராளமாக எடுத்திருக்கிறேன், காரணம் உண்டு. மலை மாவட்ட எல்லை பார்ப்பதில்லை. 1654 மீட்டர் மகேந்திரகிரி நம் எல்லைக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலியில் நிற்கிறது. 1868 மீட்டர் அகஸ்தியர்கூடம் கேரள எல்லையில். இரண்டுமே மேப்பில் இருந்தால்தான் நம் பக்கத்து முகடுகளை வைத்துத் திசை பிடிக்க முடியும்.

இன்னொன்று ஓபன்டோபோமேப். மலை நடைக்கு அதன் நிறமும் கோடும் கண்ணுக்கு இதமாக இருக்கும். கார்மினுக்கான அதன் கோப்புகள் நாடுவாரியாகக் கிடைக்கின்றன, உயரக்கோடுகள் தனிக் கோப்பாக. இந்தியா முழுவதும் இறக்கினால் கோப்பு பெரிதாக இருக்கும், கருவி தேடும்போது மந்தமாகும். நம் மாவட்டம் மட்டும் போதும் என்பவர்களுக்குப் பிபிபைக் செவ்வகமே லேசு.

கூகுள் மேப்பை இதில் ஏற்ற முடியுமா என்று கேட்காத ஆளில்லை. முடியாது.

6. ஏற்றும் முன் சோதனை

காசு மேப்போ இலவச மேப்போ, எனக்குத் தெரிந்த இடங்களை வைத்துத்தான் நான் எடை போடுவேன். இலவச மேப்பைச் சோதிக்கக் கருவிகூட வேண்டாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்திலோ, போனில் ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் போன்ற செயலிகளிலோ பார்த்துவிடலாம். காசு மேப்பை, வைத்திருக்கும் நண்பரின் கருவியிலோ கடையிலோ காட்டச் சொல்லுங்கள்.

முதலில் மேப்பின் வயது. மார்த்தாண்டம் மேம்பாலம் இருக்கிறதா? 2018-இல் வண்டி ஓடத் தொடங்கியது. இல்லையென்றால் அந்த மேப் அதற்கும் முந்தியது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-இல் திறந்தது. அதுவும் இருந்தால் மேப் புதுசுதான். முட்டத்தில் இருக்கும் என் நண்பன் ஒருவன் காசு கொடுத்து வாங்கிய சாலை மேப்பைக் காட்டி, "லேய் மக்கா, இதுல மார்த்தாண்டம் பாலத்தயே காணல" என்று புலம்பியபோதுதான் இந்தச் சோதனையே எனக்குத் தோன்றியது.

அடுத்தது மேலே ஒன்று, கீழே ஒன்று. மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பாருங்கள். 1966-இல் பரளியாற்றின் மேல் கட்டியது, 115 அடி உயரம். மேலே தொட்டியை ஒட்டி நடைபாதை, அடியில் ஆறும் பாதையும். மேப்பில் பாலம் பாலமாகக் குறிக்கப்படாமல் வெறும் கோடாகக் கிடந்தால், இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தை நாற்சந்தி என்று கருவி நினைத்துக்கொள்ளும். "இங்கே வலப்பக்கம் திரும்பு" என்று 115 அடி உயரத்தில் நின்று சொல்லும். சிரிக்கலாம். ஆனால் மேம்பாலம் உள்ள எல்லா ஊரிலும் இதே கோளாறு வரும்.

மூன்றாவது, நடந்து மட்டும் போகும் பாதைகள். சிதறால் மலைக்கோயிலுக்கு ஏறும் பாதை, மருந்துவாழ்மலை உச்சிக்குப் போகும் பாதை, உலக்கை அருவிக்கு உள்ளே போகும் பாதை. சாலை மேப்புகளில் இவை பெரும்பாலும் இருக்காது. இலவச மேப் வெல்வது இங்கேதான். பாதையில் நடந்தவர்களே அதை வரைகிறார்கள்.

கடைசியாக உங்கள் ஊர். வீட்டுத் தெரு, பக்கத்துக் குளம், சானல் கரை ரோடு. உங்கள் தெருவே இல்லாத மேப்பை நம்பி ஊரான் தெருவில் போகவேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இலவச மேப்பின் குறையையும் மறைக்கக் கூடாது. நிறையக் கோடுகள் எங்கோ உட்கார்ந்திருப்பவர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்தவை. ரப்பர் வரிசைகளுக்கு நடுவே விட்ட இடைவெளி மேலிருந்து பார்த்தால் பாதை மாதிரியே தெரியும். காய்ந்த ஓடையும் அப்படித்தான். நான் ஒருமுறை மேப்பில் கண்ட அழகான பாதையில் இறங்கி, அரை மணி நேரம் கழித்துப் பாறை ஓடைக்குள் நின்றேன். மழை இல்லாத மாதம், பிழைத்தேன். ஜூனிலோ ஐப்பசியிலோ ஆகியிருந்தால் கதை வேறு. அதனால் காட்டுக்குள் இருக்கும் தனிக் கோட்டை நம்பும் முன், இணையத்தில் அந்த இடத்தின் செயற்கைக்கோள் படத்தையும் உயரக்கோட்டையும் சேர்த்துப் பாருங்கள். உயரக்கோடுகள் ஆங்கில வி எழுத்துபோல் மேட்டுப் பக்கம் கூர்ந்து வளையும் இடத்தின் நடுவே பாதை ஓடினால் அது ஓடையாக இருக்கலாம்.

7. ஏற்றும் முறை

முதல் வேலை: கருவியைக் கணினியில் மாட்டி, உள்ளே இருக்கும் கோப்புகளை அப்படியே ஒரு ஃபோல்டரில் படியெடுத்து வையுங்கள். எதையும் அழிக்காதீர்கள்.

புது மேப்பைக் கருவியின் உள்நினைவகத்தில் போடாமல் கார்டில் போடுங்கள். கோப்பில் கோளாறு இருந்து கருவி திறக்காமல் நின்றால் கார்டைக் கழற்றினாலே சரியாகிவிடும். உள்ளே போட்டிருந்தால் அந்த வசதி இல்லை. கார்டு ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கவேண்டும். 32 ஜிபி கார்டு தாராளம். இந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். நம் செவ்வகம் அந்தப் பக்கமே போகாது.

கார்டில் கார்மின் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, இறக்கிய ஜிப்பைப் பிரித்து, அதிலுள்ள ஐஎம்ஜி கோப்பை அந்த ஃபோல்டருக்குள் வையுங்கள். பெயரில்தான் பலர் இடறுகிறார்கள். பழைய கருவிகள் ஜிமேப்சப் என்ற ஒரே பெயரைத்தான் படிக்கும்: ஆங்கிலத்தில் ஜி, எம், ஏ, பி, எஸ், யு, பி, பி, எட்டு எழுத்துகள், கடைசியில் புள்ளியும் ஐஎம்ஜியும். ஈட்ரெக்ஸ் 20, 30 காலத்திலிருந்து வந்த கருவிகளில் பெயர் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, பல கோப்புகளை அருகருகே வைக்கலாம். 'குமரி' என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்டு, கூடவே இறக்கிய மாதத்தையும் சேர்த்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எது புதுசு என்று தெரியாமல் விழிக்கவேண்டாம்.

கார்டைப் போட்டுக் கருவியைத் திறங்கள். முதல் தடவை கொஞ்சம் நேரம் எடுக்கும், பயப்படவேண்டாம். செட்டப் பட்டியலில் மேப் என்பதற்குள் போனால் உள்ளே இருக்கும் மேப்புகளின் பெயர்கள் வரிசையாக வரும். ஒரே பகுதிக்கு இரண்டு மேப்பை ஒரே நேரம் இயக்கி வைத்தால் ஒன்று இன்னொன்றை மூடிவிடும். "ஏத்தினேன், ஆனா தெரியல" என்று வரும் புகார்களில் பாதிக்குக் காரணம் இதுதான். வேண்டியதை மட்டும் இயக்கி மற்றதை நிறுத்துங்கள். உயரக்கோட்டுக் கோப்பு ஒளிபுகும்படி செய்தது என்றால் அதை மட்டும் கூட இயக்கலாம்.

இன்னும் இரண்டு மாற்றங்கள். நடக்கும்போது 'லாக் ஆன் ரோட்' என்பதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் புதருக்குள் நின்றாலும் பக்கத்துச் சாலையில் நிற்பதாகக் காட்டும். காட்டுக்குள் வழி சொல்லும் முறையை நேர்கோட்டு முறைக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் அது உங்களைச் சுற்றுச்சாலை வழியாக நெடுமங்காடு வரை அனுப்பப் பார்க்கும்.

8. தேடல் எனும் தலைவலி

இந்தக் கருவிகளின் திரையில் தமிழ் எழுத்து ஒழுங்காக வராது. கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ நிற்கும். ஆகவே மேப்பில் ஆங்கில எழுத்துப் பெயர்கள்தான் நமக்கு உதவும். அங்கே ழகரம் வந்து நிற்கிறது. மருந்துவாழ்மலையை ஒருவர் இசட்-எச் போட்டு எழுதியிருப்பார், இன்னொருவர் வெறும் எல் போட்டு. குழித்துறை, ஆரல்வாய்மொழி, திற்பரப்பு, தோவாளை, எல்லாவற்றுக்கும் மூன்று நான்கு எழுத்துக்கூட்டல். தக்கலைக்கு அரசாங்கமே வெள்ளைக்காரன் காலத்து எழுத்துக்கூட்டல் வைத்திருக்கிறது. கருவி ஒரு எழுத்து மாறினாலும் கைவிரிக்கும்.

வழி ஒன்றே. வீட்டிலேயே கார்மினின் இலவச பேஸ்கேம்ப் மென்பொருளில் வேண்டிய இடங்களைப் புள்ளியாகக் குறித்து, நீங்கள் வைக்கும் பெயரில் கருவிக்கு அனுப்பிவிடுங்கள். மலையடிவாரத்தில் நின்று ஒரு சின்னக் குச்சியை அழுத்தி அழுத்தி எழுத்துத் தேடுவது பொறுமையைச் சோதிக்கும்.

9. உயரக்கோடுகளை எவ்வளவு நம்பலாம்?

இலவச மேப்புகளின் உயரக்கோடுகள் பெரும்பாலும் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் சுற்றி ரேடாரால் அளந்த தரவிலிருந்து பிறந்தவை. ஏறக்குறைய 30 மீட்டர் கட்டத்துக்கு ஓர் உயரம். ரேடார் அடர்ந்த காட்டில் தரையைத் தொடாமல் மரத்தின் மேற்பரப்பை ஒட்டி அளந்துவிடும். அதனால் கோதையாறு பக்கத்து அடர்காட்டில் உயரம் கொஞ்சம் கூடுதலாக வரும், சிறு பாறைச் சரிவுகள் மழுங்கிப் போகும். சிதறால் போன்ற சின்னப் பொத்தைகள் மேப்பில் சாதுவாகத் தெரிவது அதனால்தான். இரண்டு கோடுகளுக்கு நடுவே 15 அடிப் பாறை மறைந்திருக்கலாம். மலையின் பொது அமைப்பைத் தெரிந்துகொள்ள இது போதும், காலடி வைக்குமிடத்தைக் கண்தான் பார்க்கவேண்டும்.

இன்னும் நல்ல கோடு வேண்டுமென்றால் சர்வே ஆஃப் இந்தியா இருக்கிறது. 1767-இல் தொடங்கிய நிறுவனம். 1:50,000 அளவிலான அதன் ஓபன் சீரிஸ் தாள்களை இணையத்தில் பதிவுசெய்து பிடிஎஃப் ஆக இறக்கலாம். அதைப் படமாக வெட்டி, கூகுள் எர்த்தில் சரியான இடத்தில் பதித்து, கேஎம்இசட் கோப்பாகச் சேமித்து, கருவியில் கார்மின் ஃபோல்டருக்குள் கஸ்டம்மேப்ஸ் என்ற ஃபோல்டரில் வைத்தால் திரையில் தெரியும். ஒவ்வொரு துண்டும் 1024க்கு 1024 புள்ளிகளுக்குள் இருக்கட்டும். பழைய கருவிகள் 100 துண்டுகள் வரைதான் ஏற்கும். இது வெறும் படம். அதில் தேட முடியாது, அது வழியும் சொல்லாது.

பழைய தாள்களைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பொறி. பழைய எண்முறையில் நாகர்கோவில் 58 எச்/8, கன்னியாகுமரி முனை 58 எச்/12. அவை எவரெஸ்ட் என்ற பழைய புவியளவு அடிப்படையில் வரைந்தவை. ஜிபிஎஸ்ஸோ டபிள்யூஜிஎஸ்84 என்ற அடிப்படையில் நடப்பது. நம் பகுதியில் இரண்டுக்கும் 200 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். அப்பாவின் நண்பர் ஒருவர் கொடுத்த பழைய தாளில் ஓர் ஊற்றைக் கண்டு, அதன் அளவுகளை அப்படியே கருவியில் அடித்துப் போய், அன்னாசிச் செடிகளுக்கு நடுவே நின்று தண்ணீர் தேடினேன். பழைய தாளின் எண்ணை அடிக்கும் முன் கருவியில் 'மேப் டேட்டம்' என்பதை மாற்றவேண்டும். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப மாற்றவேண்டும்.

10. கடலுக்கு

இங்கே நான் சிக்கனம் பேசமாட்டேன். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கரை இருக்கும், துறைமுகம் இருக்கும், முட்டம் கலங்கரை விளக்கம் இருக்கும். ஆழம் இருக்காது. ஓபன்சீமேப் என்ற இலவச முயற்சி 2009 முதல் நடக்கிறது. ஐரோப்பியக் கரைகளில் அது செழித்திருக்கிறது, நம் கரையில் மெலிவு. ஜெப்கோ என்ற இலவச உலக ஆழத் தரவு இருக்கிறது. ஆனால் அதன் ஒரு கட்டம் ஏறக்குறைய 450 மீட்டர் அகலம். ஒரு பாறை அதற்குள் காணாமல் போகும். அதைத் தருபவர்களே கப்பலோட்டப் பயன்படுத்தாதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

ஆகவே கரையோரப் பாறைகளுக்கு நடுவே ராத்திரியில் ஏறி இறங்குகிறவர் கார்மினின் ப்ளூசார்ட், நேவியானிக்ஸ் போன்ற கடல் மேப் வாங்கவேண்டும். வாங்கும் முன் இரண்டைப் பாருங்கள்: உங்கள் மாடலில் அது ஓடுமா, உங்கள் கடல் பகுதி அந்தக் கார்டில் இருக்கிறதா. சில கருவிகளில் முன்பே ஏற்றி வரும் கடல் மேப் அமெரிக்கக் கரைக்கானது. பெட்டியில் கடல் மேப் உண்டு என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம். கையடக்கக் கருவிகளில் ஜிபிஎஸ்மேப் 78, 79, 86 வரிசைகள் கடலுக்கென்றே செய்தவை, கை நழுவினாலும் தண்ணீரில் மிதக்கும்.

ஆனால் காசு மேப் வாங்கிவிட்டால் மீன் கிடைக்கும் இடம் தெரிந்துவிடாது. அது வேறு அறிவு. மலையையும் கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துக் கடலடிப் பார் (பாறைத்திட்டு) இருக்கும் இடத்தைக் கணித்த பெரியவர்களின் கணக்கு எந்தக் கார்டிலும் இல்லை. அந்த இடத்தில் நின்று ஒரு புள்ளி அழுத்தினால், அது உங்கள் வீட்டுச் சொத்து. அந்தப் புள்ளிகளை மாதம் ஒருமுறை கணினியில் படியெடுங்கள். மேப் போனால் திரும்ப வாங்கலாம், புள்ளி போனால் போனதுதான்.

ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளை இலவசமாக அறிவிக்கிறது. மீன் இறங்குதளத்திலிருந்து திசை, தூரம், ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் வரும். அதைக் கருவியில் அடிக்கும்போது பாகை, கலை, விகலை (டிகிரி, நிமிடம், விநாடி) முறையா, பாகையும் கலையின் பின்னமுமா என்று பாருங்கள். 8 பாகை 5 கலை 30 விகலை என்பதை 8 பாகை 5.30 கலை என்று அடித்தால் சுமார் 370 மீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள், ஏனென்றால் 30 விகலை என்பது 0.5 கலை. பாருக்கு மேல் வலை போடுகிறவருக்கு 370 மீட்டர் சின்ன விஷயமில்லை.

தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகள் போல வெகுதூரம் போகிறவர்கள், இந்திய-இலங்கைக் கடல் எல்லைக் கோடு திரையில் தெரிகிறதா என்பதையும் பார்க்கவேண்டும். மன்னார் வளைகுடாவில் அந்தக் கோடு 1976 ஒப்பந்தப்படி வந்தது. இலவசச் சாலை மேப் பல நேரம் அதைக் காட்டாது.

11. மேப்பை நீங்களே திருத்துங்கள்

மலைக்கு இலவசம் போதும் என்று நான் சொல்வதற்கு உண்மையான காரணம் இதுதான். நடந்த தடத்தைக் கருவி ஜிபிஎக்ஸ் கோப்பாக வைத்திருக்கிறது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கணக்குத் தொடங்கி, தடத்தை ஏற்றி, அதன் மேல் பாதையை வரையலாம். உலாவியிலேயே வரையும் கருவி இருக்கிறது, ஒரு மாலைப்பொழுதில் பழகிவிடும். பாதையைக் குறித்தால் கேட்டையும் குறியுங்கள், தனியார் நிலம் என்றால் அதையும். கூகுள் மேப்பைப் பார்த்து வரையவே கூடாது, உரிமம் அனுமதிக்காது. மலைவாழ் மக்களான காணிக்காரர் குடியிருப்புகளுக்குள் போகும் பாதைகளை வரையும் முன் அங்கே கேட்டுவிடுங்கள். வனச் சரணாலயத்துக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். மேப்பில் கோடு இருப்பது அனுமதி ஆகாது.

திருத்தியது இணைய மேப்பில் சீக்கிரமே தெரியும். கருவிக்கு வர, பிபிபைக்கில் அதே செவ்வகத்தை மறுபடி எடுக்கவேண்டும். அவர்களும் தரவைப் புதுப்பித்திருக்கவேண்டும், அதனால் ஒரு வாரம் விட்டு எடுங்கள். புதுக் கோப்பைக் கார்டில் போட்டு, பழையதை நிறுத்தி, நீங்கள் வரைந்த கேட் இருக்கும் இடத்துக்குத் திரையை நகர்த்திப் பாருங்கள். வழி சொல்லச் சொன்னால் அது இப்போது கேட்டைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். போகவில்லையென்றால் கேட்டைச் சாலைக் கோட்டின் மேல் வைக்காமல் பக்கத்தில் வைத்திருக்கலாம். நானும் முதல் தடவை அப்படித்தான் வைத்தேன்.